ஆழமில்லாத புள்ளி

ஆக்சிலியா கடல் தாண்டி மெயின்லேண்டில் என்ன படிக்கிறாள் என்று தீவிலுள்ள ஹட் பே பஜாரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். மீன் கடைக்காரர்களுக்கு அது கம்ப்யூட்டர் போலீஸ் படிப்பு. டீக்கடை பெங்காலிக்கு ஹேக்கர் படிப்பு. அவளைப் பெற்ற ஆரோக்கியசெல்வி மட்டும் "டிஜிட்டல் ஃபாரன்சிக், எம்மெஸ்ஸி, ரெண்டாம் வருசம்" என்று பிசகாமல் சொல்லுவாள். அதற்குமேல் யாராவது கிண்டினால், "ஃபோனுல, மெஷினுல அழிச்சதையெல்லாம் தோண்டி எடுத்துப்புடும் எம்பிள்ள. பாத்து இருந்துக்கிடுங்க" என்று பயமுறுத்தி அனுப்புவாள். அதன் பலனை ஒவ்வொரு லீவிலும் ஆக்சிலியா அனுபவித்தாள். தண்ணீரில் விழுந்த போன்களைத் தூக்கிக்கொண்டு, கல்யாணப் போட்டோவை மீட்டுத்தரச் சொல்லி வாசலில் வந்து நிற்பார்கள்.

இந்த மே மாதம் கப்பல் ஜெட்டியில் அணைந்தபோது அவளுக்காக நின்றது அண்ணன் ஷெல்டன் மட்டும்தான். எந்த லீவுக்கும் அப்பா இருதயநாதன்தான் வருவார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்று, பையை வாங்கியதும், "மெலிஞ்சு போயிட்ட" என்பார். ஷெல்டன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தான்.

"அப்பா எங்கண்ணே?"

"போலீஸ் தானால வச்சிருக்காவ. போட்டையும் புடிச்சிட்டாங்க."

வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆறிக் கிடந்தன. கடலுக்குப் போகிற வீட்டில் கருவாடு வெந்தால் அது நல்ல நாள் இல்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடும்வரை அங்கே குலை சுமந்தவள் ஆரோக்கியசெல்வி. அதற்கப்புறம் புருஷன் பிடித்ததைக் கூடையில் வைத்துப் பஜாரில் விற்றாள். எதற்கும் அசையாதவள், அன்றைக்கு மகளைக் கண்டதும் அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு கருப்பு மெஷினை எடுத்து அவள் மடியில் போட்டாள். அப்பாவின் ஜி.பி.எஸ். மீன் கிடைக்கும் இடங்களையும் அங்கே இருக்கும் ஆழத்தையும் சேமித்து வைக்கிற மெஷின். சந்துகளில் அரிசி ஒட்டியிருந்தது.

"ஏட்டி, மாதாதான் ஒன்ன இன்னிக்கிக் கொண்டுவந்து விட்டுருக்கா. இதுல உள்ளத எல்லாத்தையும் அழிச்சிரு. ஒரு பொட்டு இருக்கப்பிடாது."

"அழிச்சா, அழிச்சதும் தெரியும்மா. அதக் கண்டுபுடிக்கத்தான நான் படிக்கேன்."

"அப்ப குழி வெட்டி உள்ள போட்டு மூடிருவோம்" என்றான் ஷெல்டன்.

நடந்ததை அவன்தான் சொன்னான். நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. தெற்கு முனையைத் தாண்டினால் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய கடல், வேறு யாரும் அங்கே மிதக்கவே கூடாது. கடலட்டை திருடப் போகிறவர்களைத் தேடி வந்த ரோந்துப் படகு, எல்லைக்கு உள்ளே இவர்களைப் பார்த்துவிட்டது. அப்பா இஞ்சினைக் காட்டினார். அவர்கள் ஜி.பி.எஸ்ஸைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார்.

"இருக்கத எதுக்கு இல்லன்னாவ?"

"யாருக்குத் தெரியும்? கண்ணக் காட்டுனாவ. நான் இரைப்பெட்டிக்குள்ள போட்டு மேல மீனத் தட்டிட்டேன். என்ன விட்டப்ப பெட்டியோட வீட்டுக்குத் தூக்கியாந்துட்டேன்."

"நீங்க நெசமா அந்தக் கடலுக்குப் போனதே இல்லையேண்ணே?"

"மாதா மேல சத்தியம். ஒருநாளும் கெடையாது."

ஆக்சிலியாவுக்கு அது போதுமாக இருந்தது. நாம் போகிற இடமெல்லாம் அந்த மெஷினில் இருக்கும், அவை எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்தால் அவர்களே விட்டுவிடுவார்கள், ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் என்று அவள் விளக்கினாள். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றாள். வகுப்பில் இதை எத்தனை தரம் கேட்டிருப்பாள்!

"குடுக்கத்தான் போறன்னா, ஒருதரம் தெறந்து பாத்துட்டாவது குடேன்" என்று தாய் கெஞ்சினாள்.

"தெறக்கப்பிடாது. நாம கைய வச்சாலே அதுக்கு மதிப்புப் போயிரும்."

படிப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தடயத்தைத் தொடாதே, தொட்டால் அது தடயமில்லை. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி போட்டு, மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மீன்வளத்துறை அலுவலகத்தில் சந்திரமோகன் என்று ஓர் அதிகாரி. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவர் இல்லை. உறையைத் திறந்து மெஷினை உயிர்ப்பித்தார். சுவரில் தீவைச் சுற்றியுள்ள கடலின் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. கிளார்க் ஒவ்வொரு இடமாக வாசிக்க வாசிக்க, அவர் சிவப்புக் குண்டூசியை எடுத்துக் குத்தினார். முதல் ஊசி எல்லைக்கு உள்ளே விழுந்தது. இரண்டாவதும் உள்ளே. ஆக்சிலியா எழுந்து கிட்டே போனாள். குத்தக் குத்த ஊசிகள் எல்லாம் தெற்கு முனைக்கு அந்தப் பக்கமே, தடை செய்த கடலுக்குள்ளேயே கூடின. வெளியே ஒன்றுகூட இல்லை.

"படகு போன வழி?" என்று கேட்டார்.

"அத பந்த் பண்ணி வச்சிருக்கான் சாப். வழி எதுவும் பதிவாகல" என்றான் கிளார்க்.

வராந்தாவில் நின்ற படகுக்காரர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். இருதயநாதனின் பார் எங்கே இருக்கிறது என்பது ஹட் பேயில் ரொம்ப காலமாக எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். கடலடியில் பாறை எழும்பி மீன் அடையும் இடத்தைத்தான் பார் என்பார்கள். மற்றவர்கள் வெறுங்கையாகத் திரும்புகிற நாளிலும் அவர் களவாவும் விளமீனும் கொண்டுவந்து இறக்குவார். ஆளாளுக்குப் போனை உயர்த்தி வரைபடத்தைப் படம் எடுத்தார்கள். "கள்ளன், இங்கயா போயிட்டு வந்தான்?" என்று ஒருவர் சிரித்தார். அவர் பெயர் ஜெகநாதன். இவர்கள் படகுக்குப் பின்னாலேயே பலதடவை படகு விட்டு, நடுவழியில் ஏமாந்து திரும்பியவர்.

"நீ நல்ல பொண்ணும்மா. நீயாக் கொண்டுவந்து குடுத்த" என்றார் சந்திரமோகன். "ஆனா உங்கப்பா மெஷின் இல்லைன்னு சொன்னதும் பொய்யாயிடுச்சு இப்போ. போட்டு திரும்பக் கிடைக்காது. கேஸ் கோர்ட்டுக்குப் போகும்."

ஆக்சிலியா குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே தானாவுக்குப் போனாள். அப்பா கம்பிக்குப் பின்னால் இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்திருந்தார்கள். மகளைப் பார்த்ததும், "மெலிஞ்சு போயிட்ட" என்றார்.

"அப்பா, மெஷின நான் குடுத்துட்டேன்."

டீ கிளாஸ் அவர் கையிலேயே நின்றது.

"மார்க்கெல்லாம் பாத்தாங்களா?"

"எல்லாம் உள்ள இருக்கு. ஏம்ப்பா அங்க போனிய? அண்ணன் மாதா மேல சத்தியம் பண்ணுனான்."

"அவன் சத்தியம் சரிதான். நான் போகல." கிளாஸைக் கீழே வைத்தார். "மெஷினு பொய் சொல்லாதுன்னு சொல்லித்தான குடுத்த? அது சொல்லாது. நான்தான் அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்."

பிறகு சொன்னார். மீன் கிடைக்கும் இடத்தில் படகை நிறுத்தி மார்க் போடுவார். போட்டதும் அதன் எண்களை மாற்றிவிடுவார், எல்லாவற்றையும் ஒரே அளவாகத் தள்ளி. யாராவது மெஷினைத் திருடினாலும் பார் கிடைக்காது. போகும்போது தள்ளிய அளவை மனசுக்குள் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். அதனால்தான் மெஷினை மகனிடம்கூடக் கொடுப்பதில்லை.

"தள்ளுனதுதான் தள்ளுனிய, போயும்போயும் அந்தக் கடலுக்குள்ளயா தள்ளுவாவ?"

"அங்கதான ஒருத்தனும் தேடிப் போவமாட்டான்" என்றார் அப்பா. பெரிய மூளைக்காரத்தனம் என்று இத்தனை காலம் நினைத்திருந்த விஷயத்தைச் சொல்லும்போதே அவருக்கு வெட்கம் வந்தது. அழுகையை அடக்கப் போய் ஆக்சிலியாவுக்குச் சிரிப்பு வந்தது, இரண்டும் கலந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப நெச எடத்தச் சொல்லிருங்க. விட்டுருவாங்க."

"சொல்லலாம். போட்டு வரும். அப்புறம் போட்ட வச்சுக்கிட்டு எங்க போவ? சுனாமிக்குப் பெறகு பழைய பாரெல்லாம் மண்ணு மூடிப் போச்சு மக்கா. ஆழம் பாக்க ஈயக்கட்டிய எறக்கி எறக்கி, கை தோலு உரிஞ்சு ஒண்ணொண்ணாக் கண்டுபுடிச்சது. ஒன் கப்பல் டிக்கெட்டு, காலேஜு, எல்லாம் அங்கருந்து வந்ததுதான். இவ்வளவு கூட்டத்துல சொன்னா ஒரே சீசன்ல தொடச்சு எடுத்துருவான். வேண்டாம். போட்டு போனாப் போகட்டும், கூலிக்குப் போறேன். பாரு இருக்கட்டும் ஷெல்டனுக்கு."

ஆக்சிலியா நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தாள்.

ஜாமீனுக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் ஜெகநாதன். பாருக்காகத் துரத்துகிறது வேறு, ஆபத்துக்கு நிற்கிறது வேறு. கடற்கரையில் இரண்டும் ஒரே ஆள் செய்வதுதான். "ஏ இருதயம், அட்டை புடிக்கப் போற ஆளு நீ இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்று அப்பாவைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார்.

விசாரணைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். மழை விடாமல் பெய்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. சந்திரமோகனிடம் கேட்டு வாங்கிவந்த மார்க் பிரிண்ட்டையும் வரைபட நகலையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஆக்சிலியா உட்கார்ந்தாள். ஒவ்வொரு மார்க்குக்கும் பெயர், எண், ஆழம் இருந்தது. அந்தோணி, சவேரியார், செல்வி என்று பாதி புனிதர்களும் பாதி சொந்தக்காரர்களுமாக அப்பா பெயர் வைத்திருந்தார். தாய் எட்டிப் பார்த்து, தன் பெயரும் இருப்பதைக் கண்டு, "எம்பேர எந்தத் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்காரு மனுசன்" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆக்சிலியாவுக்குப் பொறி தட்டியது. மார்க் போட்ட நொடியில் கீழே எத்தனை பாகம் தண்ணீர் இருந்ததோ அதை மெஷின் எழுதிவிடுகிறது. அப்பா எண்களைத்தான் மாற்றினார். ஆழத்தை மாற்றவில்லை, அப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. அந்தோணி முப்பத்தெட்டு பாகம், பாகத்துக்கு ஆறடி. வரைபடத்தில் ஊசி குத்திய இடத்திலோ நாலு பாகம்கூட இல்லை, முருகைக்கல் திட்டு. ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒன்றும் சேரவில்லை. அந்த மார்க்குகள் அந்த இடத்தில் போட்டவையே அல்ல. நிஜ இடத்தைச் சொல்லாமலே இதை நிரூபிக்க முடியும்!

ஒரே ஒரு மார்க்கில் மட்டும் ஆழமே இல்லை. அதன் பெயர் ஆக்சி.

கடலுக்கு நடுவில் விழுந்திருக்கிறது, ஆனால் கீழே தண்ணீர் இல்லை என்கிறது மெஷின். அப்படியானால் அது தரையில் வைத்துப் போட்டது.

"அம்மா, அப்பா எம்பேருல எங்கயாவது மார்க்கு போட்டாவளா?"

"ஏன், மெஷினு வாங்கிட்டு வந்த அன்னிக்கி இந்த வாசல்ல நின்னுதான் மொத மார்க்கு போட்டாவ. ஒம்பேருலதான் தொடங்கணும்னு ஒரே புடி."

தள்ளிய அளவு மறந்துபோனால் திரும்பக் கண்டுபிடிக்க அப்பா வைத்துக்கொண்ட சாவி அது. வீட்டு வாசல் எங்கே இருக்கிறது, ஆக்சி எங்கே விழுந்திருக்கிறது, இரண்டையும் கழித்தால் போதும். கழித்தாள். வடக்கே ஒன்பது நிமிஷம், கிழக்கே ஏழு. கடல் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் அளவுக்கும் நிமிஷம் என்றுதான் பெயர். அப்பாவின் பார்கள் எல்லாம் ஒரே மூச்சில் அவளுக்குத் தெரிந்துபோயின.

அப்பா வலைக்கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆழத்தைப் பற்றிச் சொன்னாள். "பாரச் சொல்ல வேண்டாம்ப்பா. இதக் காட்டியே வெளிய வந்துரலாம்."

"ஒனக்குத் தெரிஞ்சு போச்சா, எடம்?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அதில் பெருமை இருந்தது. பயமும் இருந்தது. "ஷெல்டனுக்கே தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

விசாரணை அன்று வராந்தா நிரம்பி வழிந்தது. மழையில் கடலுக்குப் போக முடியாத படகுக்காரர்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? ஜாமீன் போட்டவர் என்ற முறையில் ஜெகநாதன் உள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீ பார்ட்டியோட பொண்ணு. உன்னை எக்ஸ்பர்ட்டா எடுத்துக்க முடியாது" என்றார் சந்திரமோகன். "ஆனா என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதாவது இருந்தா காட்டு. நானே பாத்துக்கறேன்."

ஆக்சிலியா காட்டினாள். மெஷினில் ஆழம், சுவரில் ஆழம். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஊசி ஊசியாகச் சரிபார்த்தார். நேரம் ஆக ஆக அவர் முகம் மாறியது. "அச்சா" என்றார். "இங்க போட்ட மார்க் இல்ல இது. டீக் ஹை. அதை ஒத்துக்கறேன்."

ஆரோக்கியசெல்வி வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா, பொய் மார்க் போட்டவன் எதையோ மறைக்கத்தானே போட்டிருப்பான்? அது மீனா, வேற ஏதாவதா? நிஜ இடம் எங்கன்னு தெரியாம நான் எப்படி ஃபைலை மூடுறது?" சொல்லிக்கொண்டே திரையில் விரலை நகர்த்தியவர் நின்றார். "இது ஒண்ணுல மட்டும் ஆழமே இல்லையே. உன் பேப்பர்லயும் இதைக் காணோம். ஆக்சி. இது உன் பேர்தானேம்மா?"

"ஆமா சார்."

"இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

வேண்டுமென்றே விட்டுவிட்ட வரி அது. கண்டதில் ஒன்றை மறைத்தால் மற்றதற்கும் மதிப்பில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஒருதரம் சொல்லிவிட்டால் அப்புறம் எந்த மெஷினைப் பற்றி எந்த அறையில் நின்று பேசினாலும் இது கூடவே வரும் என்று தோன்றியது. தெரியும் என்றால் அப்பாவின் பார் போச்சு. ஆக்சிலியா வாயைத் திறந்தாள், மூடினாள். கண் நிறைந்துவிட்டது.

"அவளக் கேக்காதிய சாப்."

இருதயநாதன் எழுந்து நின்றார்.

"அது என் வீட்டு வாசல். எல்லாத்துலயும் வடக்க ஒம்பது நிமிசம் கூட்டுங்க. கெழக்க ஏழு. அங்கதான் இருக்கு எம்பாரு."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் பெற்ற பிள்ளையிடமும் சொல்லாததை, இரண்டு எண்ணாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சந்திரமோகன் அளவுகோலை எடுத்து வைத்தார். புதிய இடங்களில் ஆழம் அச்சுப்பிசகாமல் சேர்ந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. வராந்தாவில் அத்தனை பேரும் தங்கள் போனில் அன்றைக்கு எடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் மட்டும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அவருக்கு எழுதிவைக்கத் தேவை இல்லை, மனசில் ஏறிவிட்டது.

எல்லை தாண்டி மிதந்ததற்கு ஓர் எச்சரிக்கை, ஒரு கையெழுத்து. படகையும் மெஷினையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியசெல்வி வெடித்தாள். "அன்னிக்கே சொன்னேன், அழிச்சிருன்னு. படிச்ச பிள்ள, பெரிய பிள்ள! அப்பன் வாயாலயே அப்பன் சோத்தக் கொட்ட வச்சிட்ட."

"விடு செல்வி. அந்த எடத்துல அவ பொய் சொல்லியிருந்தா எனக்கு மார் அடச்சிருக்கும்" என்றார் அப்பா.

"இத்தன வருசம் நீங்க பொய் எழுதலையா?"

"நான் மெஷின்ட்டதான எழுதுனேன்."

மழை விட்டுக் கடல் கொஞ்சம் அடங்கியதும் எல்லாப் படகும் கிளம்பின. வழக்கமாகக் கரையைத் தாண்டியதும் ஆளுக்கொரு திசையில் பிரிவார்கள். அன்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் போனார்கள். முன்னால் போனது ஜெகநாதனின் படகு. ஷெல்டன் ஜெட்டியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, "நம்மளும் போவோம்ப்பா, நமக்கும் பங்கு இருக்குல்லா" என்றான்.

"பாருக்கு ஏதுலே பங்கு?" என்றார் இருதயநாதன். "போ, போயி இஞ்சினப் பாரு. இன்னொரு தடவ நிக்கப்பிடாது."

அன்று சாயங்காலம் ஜெட்டியில் களவா மலையாகக் குவிந்தது. விலை சரிந்தது. ஜெகநாதன் ஒரு பெரிய விளமீனைக் கொண்டுவந்து, வாசல்படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போனார். ஆரோக்கியசெல்வி அதை எறிவதா சமைப்பதா என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் குழம்பு வைத்தாள். யாரும் மறுசோறு கேட்கவில்லை.

மறுநாள் ஆக்சிலியா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். லீவு முடியவில்லை, ஆனால் வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. அப்பா மெஷினைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல உள்ளத அழி."

"எதுக்குப்பா?"

"ஊரே போற எடத்துக்கு எனக்கு எதுக்கு மார்க்கு? அழி. இப்ப அழிச்சா குத்தமில்லையே?"

குற்றமில்லை. இப்போது அது தடயமில்லை, ஒரு மீன்காரனின் மெஷின். அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். அந்தோணி, சவேரியார், செல்வி. ஒவ்வொரு தடவையும் மெஷின் நிச்சயமா என்று கேட்டது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு வெளியே பார்த்தார்.

கடைசியில் ஆக்சி நின்றது.

"அத வை" என்றார்.

"இது பொய்யான எடத்துல கெடக்குப்பா. வாசலுக்கே கொண்டுவந்து வைக்கட்டா?"

"வாசல்ல வச்சா எனக்கு என்ன பிரயோசனம்? அடுத்த வாரம் ஈயக்கட்டிய எடுத்துட்டு வடக்க போறேன். கெடைக்கும், கெடைக்காது, பாக்கணும். கெடச்சா அதுக்கும் கணக்கு வேணும்லா. பழைய கணக்கு நாறிப்போச்சு. நீ புதுசா ஒரு எடத்துல தள்ளி வை. எந்தக் கோர்ட்டுலயும் மாட்டாத எடமாப் பாத்து வை, ஒனக்குத்தான் தெரியும். எம்புட்டுன்னு எனக்கு மட்டும் சொல்லு."

அவர் முட்டி தேய்ந்திருந்தது. மறுபடி ஈயக்கட்டியை எத்தனை மழைக்காலம் இறக்க வேண்டியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று இதே வீட்டில் உட்கார்ந்து சொன்னவள் அவள். காதில் அது இன்னும் கேட்டது.

ஆக்சிலியா தன் பெயருக்கு நேராக இருந்த எண்ணைத் திறந்து, யோசித்து, மாற்றினாள். அப்பாவின் காதருகே குனிந்து இரண்டு எண்களைச் சொன்னாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் பண்ணத் தொடங்கினார்.